வட்டமாகப் போட்ட நாற்காலிகள்

அதிகாரம் ஆளிடம் இல்லை, ஆட்களை உட்காரவைக்கும் விதத்தில்தான் இருக்கிறது என்று படித்ததிலிருந்து சுகிர்தாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. முதுகலை சமூகவியல் வகுப்புக்கு முதல் ஆளாக வந்து, மேசையை மூலைக்குத் தள்ளி, நாற்காலிகளை வட்டமாகப் போட்டாள். "இனிமே இங்க முன்வரிசையும் கிடையாது, பின்வரிசையும் கிடையாது" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். பேராசிரியர் சிரித்துக்கொண்டே கதவோர நாற்காலியில் உட்கார்ந்தார். கிரீச் கிரீச்சென்று அத்தனை நாற்காலிகளும் அவர் பக்கம் திரும்பின.

"பாத்தீங்களா சார்! நீங்க உக்காந்த இடமே முன்வரிசை ஆயிடுச்சு!" என்று கத்தினாள் சுகிர்தா.

"சரியாப் பிடிச்சிட்டியே! அதை உக்காந்தே சொல்லலாமேம்மா" என்றார் அவர்.

அப்போதுதான் கவனித்தாள். வகுப்பில் அவள் ஒருத்தி மட்டும் கைகட்டி நின்றுகொண்டிருந்தாள். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. அவளுக்குப் புல்லரித்தது.