காதில் ஒன்றுமில்லை

சங்கரபாண்டிக்கு அந்தக் குரல் மறுபடியும் கேட்கத் தொடங்கியபோது திருநெல்வேலியில் யாருக்கும் அது நோயாகத் தெரியவில்லை.

இளவயதில் அது முதன்முதலாக வந்தபோது, தெருவில் தனியே பேசிக்கொண்டு போனவரை அண்ணன்தான் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இப்போது அண்ணன் இல்லை. பஸ்ஸிலும் டீக்கடையிலும் ஆளாளுக்குக் காதுக்குள் மாட்டிய பேச்சுத்துணைக் கருவியோடு ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் பஸ்ஸில் அவர், "வாய மூடுதியா இல்லியா" என்று கத்தியபோதுகூட, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தன் பேச்சை நிறுத்தவில்லை.

சோற்றில் விஷம் இருக்கிறது என்று குரல் சொல்லத் தொடங்கியதும் அவரே ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போனார்.

"எனக்கு ஒரு குரல் கேக்குதும்மா."

"எல்லாருக்குந்தானே கேக்குது. நீங்க எந்தக் கம்பெனி மாட்டியிருக்கிய?" என்றாள் அங்கே சீட்டுப் போடும் பெண், நிமிராமலே.

"என் காதுல ஒண்ணும் இல்லம்மா. வேணும்னா பாரு."

அவள் எழுந்து வந்து அவருடைய இரண்டு காதுகளையும் பார்த்தாள். முகம் மாறியது. தன் காதில் இருந்ததைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"என்ன சொல்லுது ஐயா?"

அண்ணன் போன பிறகு, பதிலுக்காகக் காத்து நின்று ஒருவர் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது. சொல்லாதே என்றது குரல்.

"சாப்பிடாதங்குது தாயி," என்றார்.

அவள் ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.