விரும்பிய பள்ளி

"சீட்டு வேண்டாமுங்க சார்."

மேடையில் நின்றபடியே பள்ளிச் சேர்க்கை ஆணையைத் திருப்பி நீட்டினாள் பேச்சி. போட்டோ எடுக்க வந்தவர் கேமராவைக் கீழே இறக்கிவிட்டார்.

கல்வி அலுவலர் சண்முகசுந்தரத்துக்கு முகம் சிவந்தது. 'விரும்பிய பள்ளி வாரம்' என்று குன்னூரில் மண்டபம் பிடித்து விழா. தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவச இடம். முந்நூறு மனுக்களைக் குலுக்கிப் போட்டதில் பதினோரு பேருக்குத்தான் அதிர்ஷ்டம். அதில் ஒருத்தி, தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் பேச்சியின் மகள்.

"ஏம்மா, பீஸை அரசாங்கம் கட்டுது. வேன் எஸ்டேட் கேட் வரைக்கும் வருது. இன்னும் என்ன வேணும்?"

"எங்க எஸ்டேட் ஸ்கூலே போதுமுங்க."

"பெத்த புள்ளையோட வாழ்க்கையில மண்ணள்ளிப் போடறாளே!" முன்வரிசையில் ஓர் அம்மாள் சத்தமாகவே சொன்னார். அவர் மகனுக்குக் குலுக்கலில் இடம் விழவில்லை.

பேச்சி தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனாள். அவள் கையைப் பிடித்திருந்த மகள் மட்டும் மேடையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள்.

சண்முகசுந்தரத்துக்கு ஒரு சந்தேகம். அந்த எஸ்டேட் அரசுப் பள்ளியில் இருப்பது ஒரே டீச்சர், தபித்தாள். பிள்ளைகள் குறைந்தால் டீச்சரைத் தூக்கி வேறெங்காவது போட்டுவிடுவார்கள். அந்தம்மாதான் பேச்சியின் மனசைக் கலைத்திருக்க வேண்டும்.

விழா முடிந்ததும் ஜீப்பை நேராக எஸ்டேட்டுக்கு விடச் சொன்னார்.

ஒரே அறைதான் பள்ளிக்கூடம். உள்ளே நுழைந்ததும் கேட்டார்.

"பேச்சிகிட்ட என்ன சொன்னீங்க? உண்மையைச் சொல்லலேன்னா மெமோ வரும்."

"அந்த ஸ்கூலுக்கே போகச் சொன்னேனுங்க சார். மனுவை எழுதிக் குடுத்ததே நான்தான்."

"கதை விடாதீங்க. உங்களை இங்கிருந்து மாத்திடுவாங்கன்னு பயம்."

"வர்ற மே மாசம் நான் ரிட்டயர் ஆகறேனுங்க."

அவர் கொஞ்சம் தணிந்தார். "அப்புறம் ஏன் அந்தப் பொம்பளை வேண்டாங்கறா?"

தபித்தாள் பெஞ்சுகளைக் காட்டினார்.

"ஒன்பது பேருங்க. எல்லாம் ஜார்க்கண்ட்ல இருந்து கொழுந்து பறிக்க வந்தவங்க புள்ளைங்க. இருப்பிடச் சான்று இல்லாததால இவங்களுக்கு மனுவே போட முடியலீங்க. பேச்சி மகளையும் சேர்த்தாத்தான் பத்து."

"அதுக்கு?"

"பத்துக்குக் கீழே போனா ஸ்கூலை மூடிருவாங்களே சார். அடுத்த ஸ்கூல் அஞ்சு கிலோமீட்டர். வழியெல்லாம் காட்டெருமை நிக்கும். அப்பா அம்மா வேலைக்குப் போயிட்டா, இதுங்க லைன் வீட்டுல தனியாத்தான் கெடக்கணும்."

அவர் பிள்ளைகளைத் தலை எண்ணிப் பார்த்தார்.

"பேச்சி ரெண்டு நாளா தூங்கலீங்க. மக அந்த ஸ்கூல் யூனிபார்ம் கலரை எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சா. இருந்தும், 'எம் புள்ளைக்கு வேன் வரும் டீச்சர், இதுங்களுக்கு என்ன வரும்?'னு என்னைக் கேட்டா."

சண்முகசுந்தரம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பத்துப் பேர் இல்லேன்னா மூடிருவாங்கன்னு எவன் சொன்னான்? வெறும் வதந்தி. படிக்காத ஜனங்களைப் பயமுறுத்தறதே சில பேருக்கு வேலையாப் போச்சு!"

தபித்தாள் பீரோவைத் திறந்து, பத்துக்குக் கீழே போனால் மூடல் என்று போன மாதம் வந்திருந்த சுற்றறிக்கையை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

கீழே, பச்சை மையில், சண்முகசுந்தரத்தின் கையெழுத்து.