எம்.டி. வெளியே நிற்கிறார்

"நான் வெளியே இருக்கேன். நீங்க தாராளமா பேசி முடிவு பண்ணுங்க."

சொல்லிவிட்டு எம்.டி. எழுந்து போனார். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

அறையில் மூன்று இயக்குநர்கள் மட்டும் மிச்சம். எம்.டி.யின் மச்சான் ஒரு நஷ்டக் கம்பெனி வைத்திருந்தார். அதை இவர்கள் கம்பெனி வாங்கலாமா என்று ஓட்டுப் போடும்போது எம்.டி. உள்ளே இருக்கக் கூடாது என்பது சட்டம். ஆள் போய்விட்டார், அவர் மேலிருந்த பயம் போகவில்லை.

"கதவைச் சாத்தின வேகத்தைப் பார்த்தீங்களா?" என்றார் ஓய்வுபெற்ற நீதிபதி. எத்தனையோ ரவுடிகளை உள்ளே தள்ளியவர். இப்போது நாற்காலியைக் கதவிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"அதை வாங்கினா நம்ம கம்பெனியும் சேர்ந்து முழுகிடும் சார். ஆலையில வேலை செய்யறவங்க எல்லாரும் தெருவுக்கு வந்துடுவாங்க," என்றார் டாக்டரம்மா.

"மெதுவாம்மா!" ஆடிட்டர் கதவைப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் உருவம் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தது.

"அவர்கிட்ட இருக்கிறது நூத்துக்கு ரெண்டு பங்கு. சட்டப்படி நாமதானே அவருக்கு மேல?" என்றார் டாக்டரம்மா.

"சட்டப்படி! போன வருஷம் எதிர்த்து ஓட்டுப் போட்டவரை வீட்டுக்கு அனுப்பிட்டாரே, மறந்துட்டீங்களா? இவர் கோவிச்சுக்கிட்டுக் கிளம்பினா நாளைக்கே பங்கு விலை பாதாளத்துக்குப் போயிடும். பழி நம்ம தலையில," என்றார் ஆடிட்டர்.

டாக்டரம்மா வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் கதவின் கைப்பிடி அசைந்தது.

மூன்று கைகளும் உயர்ந்தன.

"ஏகமனதா சம்மதம் சார்!" பல்லெல்லாம் தெரிய நீதிபதி கதவைத் திறந்துவிட்டார்.

எம்.டி.யை முந்திக்கொண்டு மச்சான் உள்ளே நுழைந்தார். எல்லோருக்கும் கை கொடுத்தார்.

"ஜெயிச்சுட்டோம் அத்தான்! அக்காகிட்ட சொல்லிட்டு வந்துடறேன்," என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார்.

எம்.டி. பொத்தென்று நாற்காலியில் விழுந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"வீட்டுல முடியாதுன்னு சொல்ற தைரியம் எனக்குத்தான் இல்லை. நீங்க மூணு பேராவது சொல்லுவீங்கன்னு நம்பித்தானேய்யா வெளியே போனேன்!"