எழுத மறுத்தவன்

"ஆளுக்கு ஒரு வரி. 'தமிழ் வாழ்க, இந்தி ஒழிக.' எழுதிக் காட்டிட்டு அவனவன் மிஷினுக்குப் போயிரலாம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

பனியன் கம்பெனியில் ஒரு மிஷின்கூட ஓடவில்லை. கட்டிங் மேஜை மேல் ஒரு பென்சிலும், பனியன் பெட்டியின் அட்டை மூடி ஒன்றும் கிடந்தன. மேஜைக்கு முன்னால் ஏழு இளைஞர்கள் வரிசையாக நின்றார்கள்.

அறுபத்தைந்தாம் வருஷத்துத் தை மாசம் அது. அதே வரியை அன்று விடியுமுன் யாரோ தபாலாபீஸ் சுவரில் தாரால் எழுதியிருந்தார்கள். தார் டப்பா இந்தக் கம்பெனியின் பின்சந்தில் கிடைத்தது. சுவரைப் போட்டோ பிடித்து இன்ஸ்பெக்டர் கையில் வைத்திருந்தார்.

எழுதியவன் அக்பர். வரிசையில் ஆறாவது ஆள். அவன் எழுதியது ஏழாவதாக நின்ற தங்கவேலுவுக்கு மட்டும்தான் தெரியும்.

அக்பரைக் கட்சிக்காரன் ஆக்கியதே தங்கவேலுவின் குரல்தான். காலையில் பேப்பரைச் சத்தமாக வாசிக்கிற கட்சிப் படிப்பகத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் தங்கவேலு வேலைக்கு வருவான். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பேப்பரை விரித்துப் பிடித்து ஏற்ற இறக்கத்தோடு படிப்பான். தலைவர்களின் பேச்சில் பாதியைப் பேப்பரைப் பார்க்காமலே சொல்லுவான். காங்கிரஸ்கார அத்தாவுக்குப் பயந்து வளர்ந்த அக்பர், அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டுத்தான் வீட்டில் எதிர்த்துப் பேச ஆரம்பித்தான்.

அக்பரின் முறை வந்தது. எழுத்தை வேண்டுமென்றே சாய்த்தான், சின்னதாக்கினான். இன்ஸ்பெக்டர் மூடியையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ம், தள்ளி நில்லு. அடுத்தவன்."

தங்கவேலு முன்னால் வந்தான். பென்சிலைத் தொடவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"எடுடா பென்சிலை."

"எழுத மாட்டேனுங்க."

"ஏன்?"

தங்கவேலு நிமிர்ந்து இன்ஸ்பெக்டரைப் பார்த்தான்.

"என்ற பாஷையை எப்ப எழுதோணும்னு போலீஸ் சொல்ல வேண்டீதில்லீங்க."

வரிசையில் நின்றவர்களின் முதுகுகள் தாமாகவே நிமிர்ந்தன. தையல் மிஷினிலிருந்த கன்னையனுக்குத்தான் பொறுக்கவில்லை. அவர் பழைய காங்கிரஸ்காரர்.

"சோத்து நேரம் பூரா படிச்சுப் படிச்சு எங்க காதைத் தின்னயேப்பா! ஒரு வரி எழுதறதுக்கு இப்ப என்ன ரோசம்?"

தங்கவேலு அவர் பக்கம் திரும்பவில்லை.

முதலாளி அப்புசாமி கிட்டே வந்து அவன் தோளைத் தொட்டார்.

"ஏங்கண்ணு, வர்ற பொதங்கெழம உனக்கு முகூர்த்தம். சோமனூர்ல பொண்ணு ஊட்டுக்காரங்க 'பேப்பர் படிக்கற மாப்பிள்ளை'ன்னு ஊரெல்லாம் பெருமை அடிச்சுட்டு இருக்காங்க. இப்ப நீ செயிலுக்குப் போனயின்னா கலியாணம் நின்னு போயிருமப்பா. நீ எழுதலைன்னு எனக்குத் தெரியும். ஒரு வரி போட்டுக் காட்டீட்டு வேலையைப் பாரு."

தங்கவேலு தலையைக் குனிந்துகொண்டான். பிடரியில் வியர்வை இறங்கியது.

அக்பரால் தாங்க முடியவில்லை. மேஜை ஓரமாக நகர்ந்து வந்து அவன் காதருகே சொன்னான்.

"எழுதீரு மாப்ளே. செவுத்துல இருக்கறதுக்கும் உன்ற எழுத்துக்கும் ஒத்தே வராது. உன்னெ உட்டுருவாங்க. எனக்காக நீ ஏன்..."

"வாயை மூடிட்டு நில்லு."

"என்னடா குசுகுசுன்னு?" இன்ஸ்பெக்டர் போட்டோவை மேஜை மேல் வீசினார். "கடைசியாக் கேக்கறேன். எழுதறயா, இல்ல நீதான் அதை எழுதினயா?"

தங்கவேலு பென்சிலைப் பார்த்தான். பிறகு மிஷின்களுக்குப் பின்னால் நின்ற அத்தனை முகங்களையும் பார்த்தான். அக்பரை மட்டும் பார்க்கவில்லை.

"ஆமாங்க. நாந்தான்."

அவனை அழைத்துப் போனபோது கம்பெனியே வாசலுக்கு வந்துவிட்டது. யாரோ "தமிழ் வாழ்க!" என்றார்கள். எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள். கன்னையன் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். "கட்சி எதுவா வேணா இருக்கட்டும். நெஞ்சுன்னா இது நெஞ்சு," என்றார்.

அன்று அக்பருக்கு ஒரு பனியன்கூட ஒழுங்காகத் தைக்க வரவில்லை. நூல் அறுந்துகொண்டே இருந்தது. கல்யாணத்தை விட்டுவிட்டு ஒருவன் தனக்காக உள்ளே உட்கார்ந்திருக்கிறான். தான் இங்கே மிஷின் மிதித்துக்கொண்டிருக்கிறோம். சாயங்காலம் சங்கு ஊதியதும் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தான். வழியெல்லாம் 'நாந்தானுங்க எழுதினேன்' என்ற இரண்டு வார்த்தைகளையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனான்.

வராந்தாவில் யாருமில்லை. உள்ளே ஏட்டுக்கு எதிரில் தங்கவேலு நின்றிருந்தான். அக்பர் கதவு மறைவில் தயங்கி நின்றான்.

"வாக்குமூலம் எழுதியாச்சு. கீழ கையெழுத்தைப் போடு," என்று ஏட்டு பேனாவை நீட்டினார்.

தங்கவேலு அதை வாங்கவில்லை. அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தான். வேறு யாருமில்லை என்று தெரிந்த பிறகு இடது கைக் கட்டைவிரலை நீட்டினான்.

ஏட்டு நிமிர்ந்து பார்த்தார். "கைநாட்டா? அப்ப செவுத்துல எழுதினது எவன்டா?"

"நாந்தான்னே இருக்கட்டுங்க. எத்தனை மாசம் வேணாப் போட்டுக்கங்க சாமி," என்றான் தங்கவேலு தணிந்த குரலில். "இதை மட்டும் கம்பெனியில சொல்லிராதீங்க."