முட்டுக் கொடுத்த யானை

“கல்லை மறுபடியும் காணோம்!”

காலங்கார்த்தாலே சீனு போட்ட சத்தத்தில் அடுக்ககமே பால்கனிக்கு வந்துவிட்டது. மாமல்லபுரம் சாலையில் நாற்பது வீடுகள் கொண்ட அந்தக் கட்டடத்துக்கு அவர்தான் சங்கச் செயலாளர்.

காணாமல்போனது ஒன்றும் வைரக்கல் இல்லை. பார்க்கிங்கிலிருந்து மாடிப்படிக்குப் போகும் தீத்தடுப்புக் கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க, அதற்கு முட்டுக் கொடுத்திருந்த கருங்கல். ஒரே மாதத்தில் இது ஏழாவது.

அந்தக் கதவை மாட்டிய கிஃபாயத்துல்லா பாய், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து கீலுக்கு எண்ணெய் விட்டுப் போவார். போன தடவை கல்லைப் பார்த்ததுமே தலையில் அடித்துக்கொண்டார்.

“சார், இது தானா மூடிக்கணும்னே செஞ்ச கதவு. கீழ நெருப்புப் புடிச்சா, ஓரத்துல கீற பட்டை சூட்டுல உப்பி இடுக்கை அடைச்சிடும். புகை படிக்கட்டுல ஏறாது. கல்லு வெச்சா இது வெறும் பலகை சார்!”

“ரெண்டு கையிலயும் பையோட வர்றவங்க எப்படி பாய் தொறப்பாங்க? அதுவுமில்லாம, விளக்கு வெக்கிற நேரத்துல கதவு சாத்திக் கெடந்தா மகாலட்சுமி எப்படி உள்ள வருவா?” என்றார் சீனு.

“ஏம்ப்பா, மகாலட்சுமி என்ன ஸ்கூட்டரை பார்க் பண்ணிட்டா வர்றா?”

கேட்டது இரண்டாவது மாடி உலகநாதன். கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடுப்பு வலிக்குப் போட்ட பெல்ட், கையில் தடி. சொல்லிவிட்டுச் சிரித்ததில் தடி நழுவி விழுந்தது. படி துடைத்துக்கொண்டிருந்த வேலைக்காரப் பெண் வேண்டா அதை எடுத்துக் கொடுத்தாள்.

சீனு மசியவில்லை. அவர் மச்சானுக்குச் சிற்பப் பட்டறை. கல்லுக்கா பஞ்சம்? இப்போது எட்டாவதாக, துதிக்கை உடைந்து விலைபோகாத ஒரு கல் யானையையே கொண்டுவந்து முட்டுக் கொடுத்தார்.

“இதுல எவன் கை வெக்கிறான்னு பாக்கறேன்!”

மூன்றாம் நாள் யானையும் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். சீனு நேராக விஷயத்துக்கு வந்தார்.

“வெளியாள் யாரும் வரல. படிக்கட்டுல புழங்கறது வேண்டாதான். அவளை வேலையை விட்டு நிறுத்திட்டா எல்லாம் சரியாயிடும்.”

துடைப்பத்தோடு நின்ற வேண்டாவுக்கு முகம் செத்துப்போயிற்று. வாயைத் திறப்பதற்குள் உலகநாதன் எழுந்துவிட்டார்.

“அவளை ஏன் இழுக்கறீங்க? எடுத்தது நான்.”

கூட்டம் கொதித்தது.

“படிச்ச மனுஷன் செய்யற காரியமா இது?”

“வாடகைக்கு இருந்தா காலி பண்ணச் சொல்லலாம். சொந்த வீடாப் போச்சே!”

வேண்டா ஏதோ சொல்ல வந்தாள். “நீ போய் வேலையைப் பாரும்மா” என்று அடக்கிவிட்டார் உலகநாதன்.

அன்றிலிருந்து அவருக்குக் ‘கல்லுத்திருடன்’ என்று பெயர். லிஃப்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மாலையில் கூட நடக்கிறவர்களும் கழன்றுகொண்டார்கள். மனிதர் தன் பாட்டுக்குத் தடியை ஊன்றிப் போய்வந்தார். சீனுவும் விடாமல் கல் வைத்தார். கல்லும் விடாமல் காணாமல்போனது.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி.

பார்க்கிங்கில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் ஒன்று டமாலென்று வெடித்தது. சீனுவின் ஸ்கூட்டர்தான். தீ பக்கத்து வண்டிகளுக்கும் தாவியது. குபுகுபுவென்று கரும்புகை. லிஃப்ட் நின்றுபோனது. மேலே அத்தனை வீட்டிலும் ஆட்கள். நாலாவது மாடியில் சீனுவின் அம்மா, படுத்த படுக்கையாக.

இருப்பது ஒரே வழி, படிக்கட்டு.

கதவு சாத்தியிருந்தது!

பார்க்கிங் பக்கம் கருகிக் கரியாகிப்போன அந்தக் கதவு, இந்தப் பக்கம் புகையின் வாடையைக்கூட விடவில்லை. ஜனம் மொத்தமும் படியிறங்கி முன்வாசல் வழியாக வெளியே வந்துவிட்டது. சீனுவின் அம்மாவை நாற்காலியோடு தூக்கிவந்தார்கள். வீடு வீடாகத் தலையை எண்ணினார்கள். ஒன்றுகூடக் குறையவில்லை.

சேதி கேட்டு ஓடிவந்த பாய், கருகிய கதவைத் தட்டிக் கொடுத்தார். “ஜெயிச்சுட்டியேடா ராஜா!” என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மறு ஞாயிறு பாராட்டு விழா. உலகநாதனுக்குச் சீனுவே சால்வை போர்த்தினார்.

“திருடன்னு சொன்ன வாயாலயே சொல்றேன். எங்கம்மா இன்னிக்கு உசுரோட இருக்கறது சாராலதான்.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

“ஒரே ஒரு விண்ணப்பம் சார். அந்த யானையை மட்டும் குடுத்துடுங்க. மச்சான் கேட்டுக்கிட்டே இருக்கான்.”

உலகநாதன் திருதிருவென்று விழித்தார். “யானையா? அது... இங்கதான் எங்கயோ...”

பின்னாலிருந்து வேண்டாவின் குரல் கணீரென்று வந்தது.

“அவரை இன்னாத்துக்கு சார் கேக்குறீங்க? தடி வுழுந்தாலே குனிஞ்சு எடுக்க முடியாத மனுசன், எனக்கோசரம் பழிய வாங்கிக்கினாரு. யானை எங்க வூட்டு வாசல்ல கீது. நாளைக்கே கொண்ணாந்து தரேன்... ஆனா கதவாண்ட மட்டும் வெக்கக் கூடாது!”