பேர் வெட்டின ஜீப்

வைரவன் வீட்டில் பேர் வெட்டாத உருப்படி ஒன்று உண்டென்றால் அது அவர் மனைவி முத்துலட்சுமி மட்டும்தான். டம்ளர், செம்பு, குளியலறை வாளி, எலிப்பொறி, எல்லாவற்றிலும் 'வைரவன், கோபாலபுரம்' என்று புள்ளி புள்ளியாக உளியால் வெட்டியிருக்கும். தி.நகரில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்து, வாங்குகிறவர்களுக்கெல்லாம் பேர் வெட்டிக் கொடுத்தே முன்னுக்கு வந்தவர். ஊரில் பாதிப் பேர் களவாணி, மீதிப் பேருக்குச் சமயம் வாய்க்கவில்லை என்பது அவர் கட்சி.

அப்பேர்ப்பட்டவர் மிலிட்டரி ஏலத்தில் ஒரு பழைய ஜீப்பை எடுத்தார். பங்குனி உத்திரத்துக்குச் சொந்த ஊரில் சாஸ்தா கோயிலுக்குப் போகவேண்டும். கோயில் மலைமேல். சகலையின் அம்பாசடர் அடிவாரத்தோடு நின்றுவிடும். அவன் வேர்த்து விறுவிறுத்து மலையேறும்போது, பக்கத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு போகவேண்டும். சாமி கும்பிடுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஆனால் ஜீப்போ மேட்டைக் கண்டாலே மூச்சு வாங்கியது. பெட்ரோல் விற்ற விலைக்கு அதற்குத் தீனி போட்டுக் கட்டுப்படியாகவில்லை. டீசல் இஞ்சின், வேறு கியர் பாக்ஸ், கனத்த டயர், புது ஸ்பிரிங் பட்டைகள் என்று அடியோடு மாற்றிவிடத் தீர்மானித்தார். ஷெட்டில் விட்டால் நல்லதைக் கழற்றிக்கொண்டு சொத்தையை மாட்டிவிடுவார்களாம். அதனால் மயிலாப்பூர் மெக்கானிக் சங்கரனை வீட்டுக்கே வரவழைத்து, வேப்பமரத்தடியில் வேலை செய்யச் சொன்னார். தானும் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

சங்கரன் கைகாரன்தான். நாளுக்கு ஒன்றாக, நயமான சாமான்களைக் கொண்டுவந்தான். அதுவும் பாதி விலைக்கு. பில் எங்கே என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

"பில்லு போட்டா வெலை ஏறிடும், மொதலாளி" என்றான்.

வைரவனுக்கு அது நியாயமாகவே பட்டது. அவர் கடையிலும் அதே கதைதான்.

சாமான் வந்த கையோடு உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்துவிடுவார். வார்ப்பிரும்பு என்ன எவர்சில்வரா, சொன்னபடி கேட்க? இரண்டு உளி மழுங்கிப்போயிற்று. ஆனாலும் விடவில்லை.

"இன்னா மொதலாளி, இஞ்சின்ல போயி பேரு வெட்டிக்கினு கீறீங்க? இது இன்னா பாயசம் வெக்கிற குண்டானா?" என்று சங்கரன் சிரித்தான்.

"சிரிலே, நல்லா சிரி. இதைக் கழட்டிட்டுப் போயி வேற எவன் தலையிலயும் கட்ட முடியாதுல்லா? அந்த எரிச்சல் உனக்கு."

சாயங்காலம் கேட்டருகே சோதனை வேறு. சங்கரனின் பையைத் தலைகீழாகக் கொட்டி, சட்டைப் பையைத் துழாவி, டிபன் டப்பாவையும் திறந்து பார்ப்பார்.

"ஏங்க, நமக்கு வேலை செய்யுத மனுசன். அவரு மூஞ்சியைப் பாக்கவே எனக்கு வெக்கமா இருக்கு" என்றாள் முத்துலட்சுமி.

"நீ சும்மா கெட. அவன் முழியைப் பாத்தாலே தெரியலையா? இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு ஒரு நட்டையாவது லவட்டாம போகமாட்டான்."

வேலை முடிந்து, ஜீப் யானைக்குட்டி மாதிரி நின்றது. கடைசிக் கூலியை வாங்கவேண்டிய அன்று சங்கரன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

கூலியைக்கூட வேண்டாமென்று ஓடுகிறான் என்றால் எவ்வளவு அடித்திருப்பான்! வைரவன் ஜீப்புக்கு ஓடினார். வேட்டியை மடித்துக் கட்டி, ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஒவ்வொன்றாகத் தடவித் தடவிப் பார்த்தார். முப்பத்தொரு சாமான். முப்பத்தொன்றிலும் அவர் பேர். முகமெல்லாம் கிரீஸும் பல்லுமாக வெளியே வந்தபோது, எதிரே இன்ஸ்பெக்டர் உமர் ஃபாரூக் ஏட்டோடு நின்றிருந்தார்.

"சங்கரன்னு ஒரு மெக்கானிக் இங்க வேலை செஞ்சானா? நேத்து மாட்டிக்கிட்டான். ஜீப் சாமான் திருடறதுதான் அவனுக்குத் தொழிலே."

வைரவன் குதிக்காத குறை. "முத்துலட்சுமி! கேட்டியா? நான் சொன்னேம்லா? சார், பய எங்கிட்ட மட்டும் வாலாட்ட முடியலை. வந்து பாருங்க!"

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, அதோடு ஒவ்வொரு சாமானாக ஒத்துப் பார்த்தார்; இஞ்சின் நம்பரை மட்டும் இரண்டு தடவை படித்தார்.

"இதுல உங்களுக்குத் தெரியாம அவனாக் கொண்டாந்து மாட்டினது ஏதாவது இருக்கா? யோசிச்சுச் சொல்லுங்க."

"எனக்குத் தெரியாமலா? இந்தக் கேட்டைத் தாண்டி ஒரு ஆணி உள்ள வராது சார். அத்தனையும் நான் பாத்துப் பாத்து வாங்கினது."

"பில் இருக்கா?"

"பில்லு எதுக்கு சார்? அதான் பேரு வெட்டியிருக்குல்லா!" என்று வைரவன் நெஞ்சை நிமிர்த்தினார்.

உமர் ஃபாரூக் காகிதத்தை மடித்துக்கொண்டே ஏட்டிடம் சொன்னார்: "எழுதிக்கய்யா, அடையாறு எஸ்டேட்காரர் ஷெட்டுல விட்டிருந்த ஜீப்புல களவு போன முப்பத்தொரு சாமானும் இங்கேயே இருக்கு, திருட்டுச் சாமானை வாங்கினவர் யாருன்னு விசாரிக்கவே வேண்டாம், ஒண்ணொண்ணுலயும் பேரும் ஊருமா அவரே வெட்டி வெச்சிருக்கார்."