பிரேக் பிடிக்கவில்லை

அந்த வளைவில் இருந்தவர்கள் நான்கு பேர். கைபேசியில் படம் பிடித்தபடி நின்ற கார்க்காரர் கஜேந்திரன். மேட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ராசம்மா. காருக்குள் மெக்கானிக் பிரதாப். ஸ்டியரிங்கில் சிவசாமி.

யாருக்கும் காயமில்லை. நுவரெலியா பந்தயத்துக்கென்று வாங்கிய சிவப்புக் கார் மட்டும் தேயிலைச் செடிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது.

சிவசாமியின் தாத்தா தோட்டத்துத் துரையின் கார் ஓட்டியவர். அப்பா தோட்டத்து லொறி. சிவசாமி நாற்பது வருடம் கொழுந்து லொறி. மூன்று தலைமுறையில் ஒரு கீறல் கிடையாது. அக்கரப்பத்தனையில் அந்தக் குடும்பத்துக்கு வேறு சொத்து இல்லை.

காலையில் கஜேந்திரன்தான் சீண்டினார். "இதுல வளைவு, வழுக்கல் எல்லாத்தையும் கம்ப்யூட்டரே பாத்துக்கும், அண்ணே. டிரைவர் சும்மா ஒக்காந்திருந்தா போதும்."

"அப்ப ஒரு பொம்மைய ஒக்கார வைக்க வேண்டியதுதானே?" என்று சாவியை வாங்கினார் சிவசாமி.

தூறலில் ரோடு பளபளத்தது. பக்கத்தில் ஏறிக்கொண்ட பிரதாப், கிளம்பும்போது ஏதோ சொன்னான். கொட்டகலையில் கராஜ் திறந்து நாலே மாதம். இந்தக் காரின் பிரேக் வேலைதான் அவன் கைக்கு வந்த முதல் பெரிய வேலை.

"நாப்பது வருசம் ஓட்டினவனுக்கா பாடம் சொல்ற?" என்று அதட்டிவிட்டு, இறக்கத்தில் காரை விட்டார்.

இப்போது மேட்டிலிருந்து ராசம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, கொழுந்து எடுக்க வந்தீங்களா? கூடைய எங்க?"

கஜேந்திரன் சிரித்துவிட்டார். கைபேசி இன்னும் சிவசாமியின் முகத்துக்கு நேராக இருந்தது.

சிவசாமி இறங்கினார். சட்டையை இழுத்துவிட்டார். முதுகை நிமிர்த்தினார்.

"பிரேக் பிடிக்கல."

சிரிப்பு நின்றது. கஜேந்திரன் பிரதாப்பைப் பார்த்தார். ராசம்மாவும் பார்த்தாள்.

பிரதாப் சிவசாமியை மட்டும் பார்த்தான். சிவசாமி பொய் சொன்னார் என்றால் அந்தத் தோட்டத்தில் யார் நம்புவார்கள்? குனிந்து, சக்கரத்தில் சிக்கிய தேயிலை வாதுகளை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினான்.

சிவசாமி தன் வலது காலை ஒருமுறை பார்த்தார். அதை இடது காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது பிரதாப் சொன்னது இதுதான்: "ஐயா, ஈரத்துல பிரேக்க அமத்தினா மிதி தடதடன்னு ஆடும். அது கம்ப்யூட்டர் செய்ற வேலை. பயந்து கால மட்டும் எடுத்துறாதீங்க."

மிதி ஆடியது. ஏதோ உடைந்துவிட்டதென்று, லொறி பழகிய கால் தானாக மேலே வந்துவிட்டது.

மூன்று மாதத்தில் கராஜ் மூடப்பட்டது. ஹட்டன் பஸ் அந்தக் கராஜைக் கடக்கும்போதெல்லாம் சிவசாமி மறுபக்க ஜன்னலைப் பார்ப்பார்.

பிரதாப் வேலை தெரியாதவன், அவன் பூட்டிய பிரேக் பிடிக்கவில்லை என்று கொட்டகலையில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள்.

பிரேக் பிடித்தது.